தண்ணீர் மாற்றிய பிறகு மீன் துவளுகிறதா? குளோரின் சேதத்தை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் முறை

மீன் சாகிற நேரத்தில் பெரும்பாலும் தொட்டியில் குளோரின் இருக்காது. இந்தக் கோளாறு பிடிபடாமல் போவதற்கு அதுதான் முதல் காரணம். செவுள், பாசி, அடிக்கசடு என்று பட்ட இடத்திலெல்லாம் குளோரின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது செய்துவிட்டுப் போன சேதம் மட்டும் செவுளிலும் ரத்தத்திலும் தங்கி, நாளுக்கு ஒரு விதமாக வெளியே தெரியும். அதனால் "குளோரின் இருக்கிறதா?" என்று தொடங்காமல், "கடைசியாகத் தண்ணீர் மாற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று தொடங்குங்கள்.

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் பக்கம் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கும் மாடிச் சிமென்ட் தொட்டிக்கும் ஊற்றுவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது, மீனுக்கு நல்லது. ஆனால் குடிநீரில் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி இருக்க வேண்டும் என்பது மனிதருக்கான விதி. மீனுக்கு 0.003 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. கடையில் கிடைக்கும் சோதனைக் கிட் 0.1க்குக் கீழே நிறம் காட்டாது. கிட் பூஜ்யம் காட்டினாலும் குளோரினை முறிக்கும் ஹைப்போ போடாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய்த் தண்ணீர் நேரே பாயும் குளம் என்றால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆற்றுத் தண்ணீரில் குளோரின் வராது. ஊருக்குள் சாக்கடை ஓரம் தூவிய பிளீச்சிங் பவுடர் மழையில் கரைந்து குளத்துக்குள் இறங்கியதா என்று மட்டும் பாருங்கள்.

எதிலும் கை வைக்கும் முன்

ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும், இன்னொன்றில் அதே குழாய்த் தண்ணீரையும் கழுத்து வரை நிரப்பி மூடி, நிழலில் வையுங்கள். தண்ணீரைப் பாதி மாற்றிவிட்டு அப்புறம் சோதித்தால் எதுவும் தெரியாது. பிறகு ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். சோதனை அந்த இடத்திலேயே, பத்து நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளோரின் பார்ப்பது வீண். வழியிலேயே அது தீர்ந்திருக்கும்.

நேரக் கணக்கு இப்படி. மாற்றிய சில நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொல்லை வந்தால் குளோரின், சூடு, அல்லது ஆக்சிஜன் இல்லாத போர்த் தண்ணீர். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் ஒவ்வொன்றாகச் செத்தால் செவுள் வெந்த மீன்கள். நான்கிலிருந்து பதினைந்து நாளுக்குள் என்றால் முதல் சந்தேகம், மீன் கழிவு அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் மேல். வாரக்கணக்கில் மெல்ல இளைத்தால் ரத்தசோகை.

அறிகுறி 1: தண்ணீர் மாற்றி ஒரு மணி நேரத்துக்குள் மீன் துள்ளுகிறது, சுவரில் முட்டுகிறது, மேலே வந்து வாய் பிளக்கிறது

முதலில் தெர்மாமீட்டர். சித்திரை, வைகாசியில் மாடிக் கருப்புத் தொட்டியிலிருந்து பிற்பகலில் பிடித்த தண்ணீர் சுடும். பழைய தண்ணீருக்கும் புதியதற்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடே காரணமாக இருக்கலாம். காலையில் பிடித்து வைத்தால் செலவில்லாமல் தீரும்.

அடுத்து, ஊற்றியது போர்த் தண்ணீரா? வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் பலர் குழாயில் வருவது எது என்றே பார்ப்பதில்லை. குடிநீர், போர் இரண்டும் ஒரே மேல்தொட்டியில் ஏறும். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயு அதிகம். மீன் மேலே வந்து வாய் பிளக்கும், ஆனால் துள்ளாது, முட்டாது. வாளியில் இரண்டு மணி நேரம் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு ஊற்றினால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் குளோரின். குழாய்த் தண்ணீரில் ஓ.டி.ஓ. (ஆர்த்தோடாலிடின் என்ற குளோரின் சோதனை மருந்து) சொட்டு விட்டு உடனே பாருங்கள். ஐந்து விநாடிக்குள் மஞ்சள் வந்தால் அது தனிக் குளோரின். ஐந்து நிமிடத்தில் மெல்ல ஏறும் மஞ்சள் குளோரமின், அதாவது அமோனியாவோடு சேர்ந்த குளோரின். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். அந்தச் சொட்டு மருந்து நச்சு.

உள்ளாட்சியின் மேல்நிலைத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. நல்ல பவுடரில் 33 விழுக்காடு குளோரின் இருந்தால் அது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வரும். குழாயின் கடைசி வீட்டில் குறையும், தொட்டிக்கு அருகில் உள்ள வீட்டில் குறையாது. தொட்டி கழுவிய மறுநாளும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும், டெங்குக் காலத்திலும் அளவு கூடும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் சில வாரத்துக்குக் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றவே கூடாது. தொட்டித் தூணில் கழுவிய தேதி எழுதியிருக்கும். மீன் வளர்க்கிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். வீட்டுச் சம்ப்பில் யாராவது பிளீச்சிங் பவுடரோ மாத்திரையோ போட்டார்களா என்றும் வீட்டில் ஒருமுறை கேளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். இங்கே ஒரு உயிர்ப்பிரச்சினை இருக்கிறது. மருத்துவமனையிலும் சுகாதாரப் பணியாளர்களிடமும் "ஹைப்போ" என்று கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் தருவார்கள். அது குளோரினேதான், ஊற்றினால் மிச்சமிருக்கும் மீனும் போய்விடும். மீனுக்கான ஹைப்போ கல்கண்டு மாதிரி வெள்ளைப் பளிங்காக, மணம் இல்லாமல் இருக்கும். மஞ்சளான திரவமாக, குளியலறை நெடியோடு இருந்தால் தொடவே வேண்டாம்.

அளவு: 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போ. 10 கிராம் ஹைப்போவை நல்ல தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்கிக்கொண்டால் கணக்கு சுலபம். குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 100 லிட்டருக்கு இந்தக் கரைசல் 7 மில்லி, 2 மில்லிகிராம் என்றால் 14 மில்லி. கிட் இல்லையென்றால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் வாளிக்கு 2 மில்லி. 1000 லிட்டர் சிமென்ட் தொட்டிக்கு ஹைப்போவாகவே 15 கிராம். இரண்டு மடங்கு விழுந்தாலும் மீன் சாகாது. ஏர் பம்ப் ஓடினால் போதும். கரைசலைப் பழுப்புப் பாட்டிலில் வைத்து, கலங்கினாலோ நாறினாலோ கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

தொட்டியின் லிட்டரை ஊகிக்காதீர்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்குங்கள். 3 அடிக்கு 1½ அடிக்கு 1½ அடி என்றால் 191 லிட்டர். வாளியில் பிடித்து மாற்றுகிறவர் வாளிக்குப் போட்டால் போதும். ஹோஸ் வைத்து நேரே தொட்டியில் விடுகிறவர் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு முதலில் ஹைப்போவை ஊற்றிவிட்டு அப்புறம் ஹோஸைத் திறக்க வேண்டும்.

ராத்திரி நேரம், ஹைப்போ கையில் இல்லை என்றால் மருந்துக் கடை வைட்டமின் சி. 1 மில்லிகிராம் குளோரினுக்கு 2.5 மில்லிகிராம் பிடிக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டருக்குச் சரியாக வரும். பொடித்துக் கரைத்து ஊற்றுங்கள். ஆற்றுத் தண்ணீர் மென்மையானது என்பதால் பி.எச். கொஞ்சம் இறங்கும், அளவுக்கு மேல் போடாதீர்கள்.

லேபிளில் சத்தும் அளவும் இல்லாத "ஆன்டி குளோரின்" பாட்டிலை நம்பும் முன் ஒரு டம்ளரில் சோதியுங்கள். குழாய்த் தண்ணீரில் ஓ.டி.ஓ. மஞ்சள் வருகிறதா என்று பாருங்கள். இன்னொரு டம்ளர் தண்ணீரில் அந்த மருந்தை அளவோடு விட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஓ.டி.ஓ. விடுங்கள். அதிலும் மஞ்சள் வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: மீன் துடிக்கிறதே என்று அதே குழாயிலிருந்து மறுபடி தண்ணீர் மாற்றுவது. மஞ்சள்தூள் தூவுவதும் வேண்டாம். வெந்த செவுளில் தூள் ஒட்டினால் மூச்சு இன்னும் முட்டும்.

பிழைத்த மீனுக்கு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பு. செவுள் வெந்த நன்னீர் மீனின் ரத்தத்திலிருந்து உப்பு தண்ணீருக்குக் கசியும். தண்ணீர் உடம்புக்குள் ஏறும். உப்பு அந்த இழுபறியைக் குறைக்கும். தனியாகக் கரைத்து, மூன்று தவணையாக ஊற்றுங்கள். செடி உள்ள தொட்டியில் 1 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: கிட் பூஜ்யம் காட்டுகிறது, மீன் மட்டும் சாகிறது

நான்கு இடத்தில் ஏமாறலாம். சோதித்த நேரம் முதலாவது. தொட்டித் தண்ணீரில் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள், அதுவும் தண்ணீர் விடுகிற நாளில், விடுகிற நேரத்தில்.

காலாவதியான சொட்டு மருந்து அடுத்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகை கரைத்து, அதில் ஒரு சொட்டு எடுத்து இன்னொரு டம்ளரில் விட்டுச் சோதித்தால் நிறம் வர வேண்டும். வரவில்லையென்றால் கிட்டைத் தூக்கி எறியுங்கள்.

மூன்றாவது, இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. மாத்திரைக் கிட். குளோரின் மிக அதிகமானால் சிவப்பு ஒரு கணம் தோன்றி வெளுத்துவிடும், பூஜ்யம் மாதிரித் தெரியும். சந்தேகம் என்றால் ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், அமிலம் அல்ல) சேர்த்து மறுபடி பாருங்கள். இப்போது சிவந்தால் பத்தால் பெருக்குங்கள்.

கடைசியாக, குளோரமின். தொட்டியில் மீன் கழிவால் அமோனியா இருக்கும்போது குழாய்க் குளோரின் உள்ளே விழுந்தால் அங்கேயே குளோரமின் ஆகிவிடும். வெயிலில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும், குளோரமின் போகாது. செவுளில் தங்காமல் நேரே ரத்தத்துக்குள் நுழைவதும் அதுதான். ஹைப்போ இதை உடைக்கும், ஆனால் உடைக்கும்போது அமோனியா வெளியே வரும். பி.எச். 8க்கு மேல் உள்ள தொட்டியில், அதாவது பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் பிற்பகலில், அந்த அமோனியாவும் கொல்லும். அங்கே ஹைப்போ போட்ட கையோடு, முன்பே ஹைப்போ கலந்து வைத்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

இதற்கு எதிரான ஏமாற்றமும் உண்டு. போர்த் தண்ணீரில் இரும்போ மாங்கனீஸோ இருந்தால், அல்லது தொட்டியில் நைட்ரைட் ஏறியிருந்தால், குளோரினே இல்லாமல் ஓ.டி.ஓ. மஞ்சள் காட்டும். செம்மண் நிறமாகத் தொட்டியில் கறை படிகிற வீட்டில் ஓ.டி.ஓ.வை நம்பாமல் டி.பி.டி. வாங்குங்கள்.

அறிகுறி 3: செவுள் பழுப்பு, ரத்தமும் பழுப்பு

மீன் விற்கிற இடத்தில் பழகிய கண்ணுக்குச் செவுள் பழுப்பு என்றாலே "செத்துப் பழசு" என்று தோன்றும். அதனால் உயிரோடு இருக்கும் மீனை, அல்லது கண் முன்னே செத்ததை மட்டும் பாருங்கள். செத்து அரை மணி நேரம் கடந்த செவுள் எதையும் சொல்லாது.

சாகும் நிலையில் உள்ள ஒரு மீனின் வால் தண்டை வெட்டி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளை டிஷ்யூ தாளில் வையுங்கள். மூச்சுத் திணறிய மீனின் ரத்தம் முதலில் கருஞ்சிவப்பாக இருந்தாலும், காற்றுப் பட்டு ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும். சிவக்காமல் கருப்பட்டிக் காப்பி நிறத்திலேயே நின்றால் ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறிவிட்டது. அது ஆக்சிஜனைச் சுமக்காது. தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் வாய் பிளப்பது இதனால்தான். ஏர் பம்பைக் கூட்டுவது மட்டும் இங்கே பலிக்காது.

காரணம் பெரும்பாலும் நைட்ரைட். தொட்டி புதிது, பில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்கள், தீவனம் அதிகம்: இந்த மூன்றில் ஒன்று இருக்கும். கிட் 0.5 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் உறுதி. மருந்து தூத்துக்குடிக் கல் உப்புதான். லிட்டருக்கு 1 கிராம், 1000 லிட்டருக்கு ஒரு கிலோ. உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை அடைத்துவிடும். ஹைப்போ இங்கே ஒன்றும் செய்யாது.

குளோரினுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பதினைந்து நாளுக்கு முன் ஊற்றிய குளோரின் தண்ணீர் மீனைக் கொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் இருந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். அதன் பிறகு அமோனியா ஏறும், நான்கைந்து நாளில் நைட்ரைட் ஏறும், மீனின் ரத்தம் பழுப்பாகும். வீட்டுக்காரர் "அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார். நைட்ரைட்டுக்கு உப்புப் போட்டுவிட்டு மறுபடி அதே குழாய்த் தண்ணீரை ஹைப்போ இல்லாமல் மாற்றினால், இந்தச் சுற்று மாதக்கணக்கில் ஓடும். பில்டர் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரில் மட்டுமே அலசுங்கள். நோய் இல்லாத இன்னொரு தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் தேறும்.

நைட்ரைட் பூஜ்யம், ஆனால் ரத்தம் பழுப்பு, தண்ணீர் மாற்றி ஒரு நாளுக்குள் என்றால் குளோரமின். அறிகுறி 1, 2இல் சொன்ன ஹைப்போ முறை.

இரண்டையும் பிரிக்க இன்னொரு வழி, காத்திருப்பது. உப்புப் போட்டு ஓரிரு நாளில் செவுள் மறுபடி சிவந்தால் நைட்ரைட். சிவப்பணு உடையவில்லை, நிறம் மட்டும் மாறியிருந்தது. பழுப்புப் போய் வெளிறி நின்றால் அணுக்களே உடைந்திருக்கின்றன. அறிகுறி 4க்குப் போங்கள்.

மெத்திலீன் நீலத்தைச் சிலர் ஊற்றுவார்கள். அழகு மீனுக்கு, பில்டர் இல்லாத தனித் தொட்டியில், லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போடலாம். பில்டர் ஓடும் தொட்டியில் மீதி பாக்டீரியாவையும் அழித்துவிடும். ரோகு, கட்லா, ஜிலேபி, விரால் என்று சாப்பிட வளர்க்கும் மீனுக்கு வேண்டவே வேண்டாம்.

அறிகுறி 4: செவுள் வெளிறிப் போகிறது, தீவனம் குறைகிறது, வாரக்கணக்கில் ஒன்றிரண்டாகச் சாகிறது

செலவு குறைந்ததிலிருந்து வாருங்கள். தீவன மூட்டையின் தேதி: வெயிலில் கிடந்து மூன்று மாதம் கடந்த தீவனத்தில் வைட்டமின்கள் சிதைந்திருக்கும், அதுவே ரத்தசோகை தரும். புது மூட்டை வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். அடுத்து ஒட்டுண்ணி: நங்கூரப் புழு, அட்டை, மீன் பேன் வெறும் கண்ணுக்குத் தெரியும், செவுள் புழுவுக்கு ஒரு துளி செவுள் சளியைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே போதும். மூன்றாவது, ஒவ்வொரு வாரமும் ஹைப்போ இல்லாமல் "கொஞ்சம்தானே" என்று பத்தில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. ஒவ்வொரு முறையும் செவுள் கொஞ்சம் தடிக்கும், சிவப்பணு கொஞ்சம் உடையும். ஹைப்போவை ஒழுங்காகப் போட்டு ஒரு மாதம் விட்டால் மீன் புது ரத்தம் ஊறிக்கொள்ளும்.

இவை மூன்றும் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை. இங்கே மனிதருக்கான ஆய்வகம் பெரும்பாலும் தவறான சீட்டைத்தான் தரும். மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. ஆட்டோமேட்டிக் எந்திரம் அதை வெள்ளணு என்று எண்ணிவிடும். கையால் எண்ணித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ரத்தம் எடுக்கும் முறை. மீனைத் துரத்தாமல் பிடிக்க வேண்டும். துரத்தினால் மண்ணீரல் சுருங்கி அணுக்களை ரத்தத்தில் தள்ளும், ரத்தசோகை மறைந்துவிடும். கிராம்பு எண்ணெய் 1 மில்லியை 9 மில்லி எத்தனாலில் கலந்து, அதில் லிட்டருக்கு அரை மில்லி விட்ட தண்ணீரில் மீன் மயங்கும். மலத்துவாரத் துடுப்புக்குப் பின்னால், வால் தண்டின் அடிப்பக்க நடுவில், 1 மில்லி சிரிஞ்சை நேர் மேலாக முதுகெலும்பைத் தொடும் வரை செலுத்தி, மெல்லப் பின்னிழுங்கள். 100 கிராம் மீனுக்கு அரை மில்லி போதும். மயக்கிய மீனைச் சாப்பிட விற்காதீர்கள்.

ரத்தம் பிடிக்கும் குழாய் எது என்பதில் கவனம். ஆய்வகத்தில் கேட்டால் ஊதா மூடிக் குழாய் தருவார்கள், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. இருக்கும். கெண்டை இன மீனின் சிவப்பணுவை ஈ.டி.டி.ஏ.வே உடைக்கும், அதைக் குளோரின் சேதம் என்று படித்துவிடுவீர்கள். பச்சை மூடி, ஹெப்பாரின் போட்டது கேளுங்கள். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவர் ஓரமாக வழியவிடுங்கள். பீய்ச்சினால் அதுவும் அணுவை உடைக்கும்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஒரு சோதனை கையில் இருக்கிறது. அந்தக் குழாயை நிழலில் செங்குத்தாக இரண்டு மணி நேரம் வையுங்கள். மேலே தேங்கும் நீர் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் அணு உடைகிறது. நல்ல மீன் ஒன்றிலிருந்து அதே கையால் எடுத்த ரத்தத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் இது செல்லும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: ஹெமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்ற அளவு), கையால் எண்ணிய சிவப்பணு, ஜீம்சா அல்லது லீஷ்மன் சாயமிட்ட ரத்தப் பூச்சு. ரோகு, கட்லா, கெண்டை வகையில் ஹெமாட்டோகிரிட் 25 முதல் 35 விழுக்காடு வழக்கம். 20க்குக் கீழே ரத்தசோகை. பூச்சில் நல்ல சிவப்பணு நீள்வட்டமாக, உட்கரு நடுவில் இருக்கும். உருண்டு வீங்கியவை, உட்கரு ஓரம் ஒதுங்கியவை, சுவர் கரைந்து உட்கரு மட்டும் மிஞ்சியவை எல்லாம் சேதம். நீலம் பாய்ந்த உருண்டை இளம் அணுக்கள் நிறைய இருந்தால் நல்ல சேதி, மீன் புது ரத்தம் ஊற வைக்கிறது. மருந்து எதுவும் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் சரிசெய்து விடுங்கள். இளம் அணுவே இல்லாத ரத்தசோகை என்றால் தீவனமோ கிருமியோ. குளோரின் மேல் பழி போடாதீர்கள்.

ஹீமோகுளோபின் அளவு சரி என்று சீட்டு வந்தாலும் முடிவு கட்ட வேண்டாம். டிராப்கின் கரைசலில் பார்க்கும் முறை மெத்ஹீமோகுளோபினையும் சேர்த்தே எண்ணும். உட்கருவை மையவிலக்கில் நீக்காமல் படித்தால் கரைசல் கலங்கி அளவு கூடியும் வரும். மெத்ஹீமோகுளோபின் வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும், ரத்தம் எடுத்த சூட்டோடு பார்க்க வேண்டும்.

அறிகுறி 5: துடுப்பு ஓரத்திலும் வயிற்றிலும் ரத்தக் கோடு

குளோரின் தனியாக இதைச் செய்வது குறைவு. முதலில் அமோனியா பாருங்கள். அமோனியா இல்லை, புண்ணும் செதில் உதிர்வும் சேர்ந்திருக்கிறது என்றால் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா. குளோரினால் சளிப் படலம் போன மீனில் இது சுலபமாகத் தொற்றும். ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

அறிகுறி 6: பிளீச்சிங் போட்டுத் தயார் செய்த குளத்தில் விட்ட குஞ்சு சாகிறது

களை மீனை ஒழிக்க ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் 350 கிலோ பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். 10 சென்ட் குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 14 கிலோ. ஏழு முதல் பத்து நாளில் நஞ்சு தணியும் என்று சொல்வது வெயில் நாளுக்கு. மேகம் மூடிய கார்த்திகையில் இன்னும் நாள் பிடிக்கும்.

நாள் எண்ணாமல் மீனையே கேளுங்கள். குளத்தில் ஒரு சிறு வலைப்பெட்டி கட்டி, பத்து இருபது குஞ்சுகளை 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். காற்றுப் படாத மூலையிலும் அடியிலும் குளோரின் தங்கும், பெட்டியை அங்கே கட்டுங்கள். செத்தால் மூன்று நாள் பொறுங்கள். குஞ்சு லாரி வந்துவிட்டது, பொறுக்க முடியாது என்றால்தான் ஹைப்போ. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் என்றால் அந்த 10 சென்ட் குளத்துக்கு 1.4 கிலோ. கரைத்துக் குளம் முழுதும் தெளித்து, ஒரு இரவு விட்டு, மறுபடி வலைப்பெட்டிச் சோதனை.

பழைய பவுடரைக் குளத்தில் போடுகிறவருக்கு வேறு சிக்கல். திறந்த மூட்டையில் குளோரின் பறந்துபோய், களை மீன் சாகாது. அதைப் பார்த்து இன்னொரு மூட்டை தட்டுவார், மொத்த அளவு யாருக்கும் தெரியாமல் போகும்.

அறிகுறி 7: விடியற்காலையில் குளம் முழுவதும் மேலே வாய் பிளக்கிறது, வெயில் ஏறினால் சரியாகிறது

இது குளோரின் இல்லை. ராத்திரி ஆக்சிஜன் குறைவு. எருவையும் தீவனத்தையும் குறைத்து, பின்னிரவில் ஏரேட்டர் ஓட்டுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஹைப்போவும் உப்பும் சரியான அளவில் போட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை என்றால். ஒரே நாளில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால். குழாயில் கிட்டின் உச்ச நிறத்தைத் தாண்டி மஞ்சள் ஏறி ஆரஞ்சு ஆனால். ரத்தப் பூச்சில் இளம் அணுவே இல்லையென்றால். குழாயில் அந்த அளவு வந்தால் மீனை விடுங்கள், குடிக்கிற தண்ணீரே அது. உடனே உள்ளாட்சிக் குடிநீர்ப் பிரிவில் சொல்லுங்கள். குளம், பண்ணை என்றால் மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகம். நோய் கண்டறிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் இருப்பவர் முதலில் அங்கே மீன் மாதிரி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

செத்த மீனைக் கொண்டுபோகாதீர்கள். சாகும் நிலையில் உள்ள இரண்டு, நன்றாக உள்ள ஒன்று, தனித்தனி ஆக்சிஜன் பையில், அந்தந்தத் தொட்டித் தண்ணீரிலேயே. வழியில் செத்தால் ஐஸ் மேல் வையுங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தால் சிவப்பணு எல்லாம் உடைந்து ரத்தத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. பையில் எழுத வேண்டியது: கடைசியாகத் தண்ணீர் மாற்றிய தேதியும் மணியும், எத்தனை லிட்டர், குழாயா போரா, ஹைப்போ எத்தனை கிராம், உப்பு எத்தனை கிராம், முதல் மீன் செத்த நேரம்.